கல்யாணத்துக்கு வராதவர்கள்

ஆனைவிளைக்காரர்களிடம் போய், ஆகாயத்தில் ஆட்டுக்குட்டி பறந்தது என்று சொல்லிப் பாருங்கள், "போம்வே, ஜோலி இருந்தா பாரும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், ஆனால் கல்யாணத்துக்கே வராத ஒருத்தர் அந்தக் கல்யாண வீடியோவில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்லுங்கள், "எத்தனாவது பந்தியில?" என்றுதான் கேட்பார்கள், வேறு கேள்வி வராது. அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்களைவிட வராதவர்களை ஞாபகம் வைத்திருக்கிற ஊர் அது. பத்திரிகையை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து கொடுக்காமல் பஜாரில் வைத்துக் கையில் திணித்துவிட்டான் என்று ஒருவர் வரமாட்டார், தன் பெயரைச் சம்பந்தி பெயருக்குக் கீழே அச்சடித்துவிட்டார்கள் என்று இன்னொருவர் வரமாட்டார். வராமல் சும்மா இருந்தாலும் பரவாயில்லை, வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு, மேளச் சத்தம் வருகிற திசைக்கு முதுகைக் காட்டி, போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்கும்படி உட்கார்ந்து, வராமல் இருப்பார்.

அந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில், பழைய கேம்கார்டர் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் கடை ஒன்று இருக்கிறது. நடத்துகிறவர்கள் சுயம்புக்கனியும் அவள் புருஷன் இன்னாசியும். இன்னாசி உவரிக் கடற்கரைக்காரர், மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர். வாலிபத்தில் பஹ்ரைனுக்குப் போனவர், திரும்பி வரும்போது மற்றவர்கள் தங்கமும் டேப்ரெக்கார்டரும் கொண்டுவர, இவர் தோளில் வைத்துப் படம் பிடிக்கிற கேம்கார்டர் ஒன்றை மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்து பெற்ற தாயிடம் ஏச்சு வாங்கினார். சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், சடங்கு, கோயில்கொடை எல்லாம் அவர் தோள் வழியாகத்தான் கேசட்டுக்குள் போயின. இப்போது அவருக்குக் கண்ணில் புரை. அதனால் கை வேலை அவருடையது, பார்க்கிற வேலை அவளுடையது.

வந்த கேசட்டை உடனே மெஷினில் போடமாட்டார் இன்னாசி. "அதுவும் புது எடத்துக்கு வந்திருக்கு, ஒரு நாள் உக்காரட்டும்" என்று கடைக் காற்றுக்குப் பழக விடுவார். மறுநாள் கடைசிவரை ஒருமுறை ஓட்டி, திரும்பச் சுற்றி, வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்த டேப்பைத் தளர்த்துவார். மெஷினில் டேப் உரசி ஓடுகிற ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால், பச்சைப்பிள்ளையின் காதைத் துடைப்பது மாதிரித் துடைப்பார். எல்லோரும் செருகுகிற மஞ்சள் வயரை ஒதுக்கிவிட்டு, வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியே கடத்துகிற வயரைப் போட்டு, ஆடுகிற படத்தைப் பிடித்து நிறுத்துகிற பெட்டி ஒன்றின் வழியாக அனுப்பி, கொஞ்சமும் சுருக்காமல் ஏற்றுவார். சுயம்புக்கனி திரைக்கு முன்னால் உட்கார்ந்து, "கோடு விழுது, நிறுத்துங்க", "செவப்பு கரையுது, இன்னொருக்க துடைங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒரு கேசட்டை முடிக்க இவர்கள் எடுக்கிற நேரத்தில் மற்ற ஊர்களில் ஒரு பெட்டிக் கேசட்டை முடித்துவிடுவார்கள், என்ன, பொண்ணு மாப்பிள்ளை முகமெல்லாம் கஞ்சித்தண்ணியில் கிடக்கும், அவ்வளவுதான்.

முதலில் வந்தது செந்தூர்பாண்டியின் கல்யாணக் கேசட். அவனே கொண்டுவந்தான், அவனே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தான். படம் தெளிந்து தெளிந்து வந்தது. மாப்பிள்ளைச் சட்டையின் தையல் தெரிந்தது, பந்தியில் சோற்றிலிருந்து எழும்புகிற ஆவி தெரிந்தது. திடீரென்று "நிறுத்துங்கக்கா!" என்று கத்தினான். பந்தியில், தூணுக்குப் பக்கத்தில், அவனுடைய தாய்மாமன் தவசிமுத்து உட்கார்ந்து ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சிக்கொண்டிருந்தார். பஜாரில் வைத்துப் பத்திரிகை கொடுத்த குற்றத்துக்காக அந்தக் கல்யாணத்துக்கு வராமல், அன்றிலிருந்து இவன் தெருப்பக்கம்கூடத் திரும்பாத அதே தவசிமுத்து.

"அண்ணாச்சி, மாமா வரவே இல்லியே!"

"அப்படியா?" என்று இன்னாசி புரை விழுந்த கண்ணைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "நான் எடுக்கும்போது அந்தத் தூணுகிட்ட ஒரு இலை சும்மா கெடந்துச்சு. யாருக்குப் போட்டு வச்சிருக்கான்னுகூட நினைச்சேன்."

செந்தூர்பாண்டி படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு நேரே மாமன் வீட்டுக்குப் போனான். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த தவசிமுத்து, வேஷ்டியில் கையைத் துடைத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, பார்த்தார். திரும்ப வைக்கச் சொன்னார், திரும்பப் பார்த்தார்.

"ரசத்துல மிளகு கூடிப்போச்சுல அன்னைக்கு," என்றார்.

அவ்வளவுதான். மாமனும் மருமகனும் கட்டிப்பிடித்து அழுத அழுகையில் மாடு மிரண்டு தண்ணித் தொட்டியைத் தள்ளிவிட்டது.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா! பீரோவிலும் பரணிலும் கிடந்த கேசட்டெல்லாம் பையில் ஏறிக் கடைக்கு வந்தன. இது எப்படி நடக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, யார் யார் வந்திருக்கிறார்கள் என்பதுதான் ஊரெல்லாம் பேச்சு. லீவு கிடைக்காமல் மஸ்கட்டிலும் தம்மாமிலும் மாட்டிக்கொண்டவர்கள், தங்கச்சி கல்யாணத்தில் கம்பெனி உடுப்போடு, மண் ஒட்டின பூட்ஸோடு, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இன்னும் ரெண்டு கரண்டி வைங்க, பாத்துட்டே இருக்கீங்க" என்று பந்தி விசாரித்தார்கள். அதைப் பார்த்து அந்தத் தங்கச்சிகள் கடையிலேயே மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதார்கள், இன்னாசி எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். 'இவன் வாசலை மிதிச்சா என் பேரை மாத்திக்கூப்பிடு' என்று சபதம் போட்டு, வாசலில் நாற்காலியும் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனுஷர், வேஷ்டியை மடித்துக் கட்டிச் சாம்பார் வாளியோடு பந்தி முழுக்க ஓடுவது தெரிந்துபோயிற்று. ஊர் சிரித்த சிரிப்பில் அவர் கொஞ்ச நாள் வெளியே தலைகாட்டவில்லை, அப்புறம் தானே அந்த வீட்டுக்குப் போய், "வாளி என்னா கனம்டே" என்று தோளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். சமையல்காரர் ஒருவருக்குத்தான் கோபம் தீரவில்லை. "நான் ஆக்குனது வந்த ஆளுக்கு. இவ்வளவு பேரும் தின்னுருந்தா அந்தச் சோத்தை ஆக்குனது யாரு?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு அலைந்தார்.

ஊர் தனக்குத் தானே ஒரு முறையும் வைத்துக்கொண்டது. வீடியோவில் சாப்பிட்டவர் சாப்பிட்டவர்தான், மறுப்பு கிடையாது. சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போகக்கூடாது, அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும்.

ஆனால் எல்லோரும் வந்துவிடவில்லை. ஒருத்தி தன் அக்காளைத் தேடினாள். "நல்லாப் பாருங்க, ஓரத்துல நிப்பா, அவ கூச்சப்படுவா" என்று படம் முடிகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காள் ஓரத்திலும் இல்லை, நடுவிலும் இல்லை. தங்கச்சிக்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போன அன்றைக்குத்தான் ஊருக்கு விஷயம் பிடிபட்டது. வரவேண்டும் என்று உள்ளுக்குள் கிடந்து தவித்தவர்கள்தான் வருகிறார்கள். வீம்புக்கு வராமல் இருந்தவர் வந்துவிடுவார், மனசே இல்லாதவர் வரமாட்டார். அம்மன்கோயிலுக்கு வரி கட்டுகிற குடும்பத்துக்காரர்கள் கூடி, வந்தவர்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், வராதவர்களைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று கட்டு வைத்தார்கள். ஊர் அதற்கும் கட்டுப்பட்டது.

இதில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தவள் சுயம்புக்கனி. அவள் இதே ஊர்க்காரிதான். கருப்பட்டிக் கடை லிங்கத்துரையின் ஒரே தங்கச்சி. வீட்டுச் சடங்கு ஒன்றைப் படமெடுக்க வந்த இன்னாசியோடு, சாதியும் வேறு சாமியும் வேறு என்று தெரிந்தே கிளம்பிப் போனவள். ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டார்கள். ஊரார் கல்யாணத்தையெல்லாம் எடுத்தவர் கல்யாணத்தை எடுக்க ஆள் இல்லை. ஆக, அன்றைக்கு அண்ணன் மனசில் என்ன இருந்தது என்று பார்க்க அவளிடம் கேசட்டும் இல்லை.

சில மாதங்களில் லிங்கத்துரைக்குக் கல்யாணம் நடந்தது, படமெடுக்க வெளியூரிலிருந்து ஆளைக் கூட்டிவந்தார்கள். தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான், அடுத்த இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள் பின்னால் நின்று போட வேண்டும், அதுதான் அங்கே முறை. கூடப்பிறந்தவள் இல்லாவிட்டால் சித்தப்பா மகள், பெரியப்பா மகள் யாராவது போடுவார்கள். லிங்கத்துரை யாரையும் கிட்ட அண்ட விடவில்லை, மூன்றையும் தானே போட்டான். "எனக்குத் தங்கச்சி இல்லன்னு ஊரு முன்னால காட்டிட்டான்" என்று உவரிக்குச் செய்தி போயிற்று. சுயம்புக்கனி அதை நெஞ்சில் வாங்கி வைத்துக்கொண்டாள். பிழைப்புக்காக இதே ஊருக்குத் திரும்பி வந்து கடை போட்ட பிறகும், இரண்டு தெரு தள்ளி இருக்கிற அண்ணன் ஒரு பக்கமும் இவள் ஒரு பக்கமுமாக முப்பது வருஷம் ஓடிவிட்டது.

இப்போது அவள் பயம் அண்ணனைப் பற்றியது இல்லை, தன்னைப் பற்றியது. அந்தக் கல்யாணத்தன்று அவள் மாமியார் வீட்டுப் பின்புறத்தில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். "அவன் கல்யாணத்துக்கு எவ போவா" என்று மாமியாரிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. குழவியைப் பிடித்து, கை கழன்று போகிற வேகத்தில் சுற்றியதும் ஞாபகம் இருக்கிறது. உள்ளுக்குள் என்ன இருந்தது? ஏங்கினாளா, இல்லை உள்ளேயும் அவனைக் கரித்துக் கொட்டினாளா? எவ்வளவு யோசித்தாலும் அது மட்டும் பிடிபடவில்லை. கூடப்பிறந்தவன் கல்யாணத்துக்கு மனசாலும் போகாதவள் என்று ஒரு கேசட் சொல்லிவிட்டால், இந்த மூஞ்சியை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? நல்லவேளையாக லிங்கத்துரை கேசட்டைத் தரவில்லை. கேட்டவர்களிடம் "எங்கிட்ட கேசட்டே கிடையாது" என்றார். அது அவர் பீரோவில் பட்டுத்துணிக்கு அடியில் இருப்பது ஊருக்கே தெரியும்.

ஒரு நாள் காலையில் கடை திறந்த கையோடு அன்னபழம் வந்து நின்றாள். லிங்கத்துரையின் பெண்டாட்டி. சந்தையில் எதிரெதிரே வந்தாலும் இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசியிராத மைனி. முந்தானைக்குள்ளிருந்து கேசட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"ஒங்க அண்ணனுக்குத் தெரியாது," என்றாள். "தெரிஞ்சா ஏசுவாவ. ஏசட்டும்."

"இப்ப எதுக்கு மைனி இது?"

"எதுக்கா? நாத்தனா முடிச்சு இல்லாத தாலியோட நான் இத்தனை வருசம் குடும்பம் நடத்திட்டேன். நல்லது கெட்டதுக்குப் போனா எவளாவது ஒருத்தி அதைச் சொல்லிக் காட்டாம இருக்கமாட்டா. நான் தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தேன், பின்னால யாரு கை வந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ வந்தியான்னு நான் பாக்கணும் கனி." மூச்சு வாங்கிக்கொண்டு தணிந்த குரலில் சொன்னாள். "அவியளும் நெதமும் பீரோவைத் தொறந்து இதை எடுத்து எடுத்துப் பாக்காவ. பாத்துட்டு உள்ள வச்சிருதாவ. போட்டுப் பாக்கப் பயம்."

"அண்ணனுக்கா? என்ன பயம்?"

"நீ வந்திருக்கமாட்டியோன்னு."

சுயம்புக்கனி கேசட்டைத் தொடவில்லை. இன்னாசிதான் கேசட்டை வாங்கி, காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பார்த்து, "இன்னைக்கு உக்காரட்டும். நாளைக்கு வாங்கம்மா" என்று அனுப்பி வைத்தார்.

மத்தியானம் இன்னாசி கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். சுயம்புக்கனி ஷட்டரைப் பாதிக்கு இறக்கினாள். அவள் செய்தது தப்புதான், யார் இல்லையென்றது, ஆனால் அவள் இடத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். ஹெட்டைத் துடைக்கவில்லை, டேப்பைத் தளர்த்தவில்லை, ஒதுக்கிப் போட்டிருந்த மஞ்சள் வயரை எடுத்துச் செருகி, கேசட்டை உள்ளே தள்ளினாள். படம் மோசமாக வந்தால் வந்தவர்கள் மட்டும்தான் தெரிவார்கள், வராதவர்கள் தெரியமாட்டார்கள். அதைப் பென் டிரைவில் ஏற்றி, 'கேசட் கெட்டுப்போச்சு மைனி, இவ்வளவுதான் வந்துச்சு' என்று கொடுத்துவிட்டால் முடிந்தது. யாருக்கும் எதுவும் தெரியாது, அவளுக்கும்தான்.

கோடும் புள்ளியுமாகப் படம் ஓடியது. கலங்கின மணவறையில் கலங்கின மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டான். அப்பாடா என்று அவள் மூச்சுவிடப் போகையில், அந்த மாப்பிள்ளை தலை நிமிர்ந்தது. கையில் நூலைப் பிடித்தபடியே அந்த உருவம் எங்கேயோ பார்த்தது. முகம் வெறும் மஞ்சள் திட்டாக இருந்ததால் எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை. சுயம்புக்கனி திரும்பச் சுற்றிப் பார்த்தாள். இன்னும் ஒருமுறை சுற்றினாள். எங்கேல பாக்க, என்று திரையைப் பார்த்து வாய்விட்டே கேட்டாள். தாலி கட்டுகிற நேரத்தில் பெண்ணையும் பார்க்காமல் ஐயரையும் பார்க்காமல் எங்கே பார்க்கிறான் இந்த அண்ணன்? பயம் பயமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிதாக இந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்னாசி திரும்பி வந்தபோது மஞ்சள் வயர் மெஷினில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கையால் தடவிப் பார்த்தார், பிடுங்கினார், சுருட்டி வைத்தார்.

"நாளைக்கு நல்லாத் துடைங்க," என்றாள் சுயம்புக்கனி. "எத்தனை தடவை ஆனாலும் துடைங்க. அவன் கண்ணு எனக்குத் தெரியணும்."

மறுநாள் அன்னபழம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள், சுயம்புக்கனி பக்கத்தில் உட்கார்ந்தாள், இன்னாசி கேசட்டை உள்ளே விட்டார். படம் விரிந்தது. அவர் துடைத்த துடைப்பில் மணவறை வாழையிலையின் கிழிசல் தெரிந்தது, ஓமப்புகை சுருள் சுருளாகப் பிரிந்து போவது தெரிந்தது, மீசை அரும்பின லிங்கத்துரையின் மேலுதட்டு வேர்வை தெரிந்தது. கெட்டிமேளம் கொட்டியது. முதல் முடிச்சைப் போட்டான். தலை நிமிர்ந்தான். இப்போது கண் தெரிந்தது. கூட்டத்தைத் தாண்டி, கேமராவைத் தாண்டி, மண்டபத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நூல் நுனி இரண்டையும் விரலில் பிடித்து, யாரிடமோ கொடுப்பதற்காக நீட்டி வைத்துக்கொண்டு, காத்துக்கொண்டிருந்தான்.

எனக்குத் தங்கச்சி இல்லை என்று காட்டினவனா இவன்? வருவாள் என்று நினைத்தவன் அல்லவா அந்த இடத்தில் வேறு ஒருத்தியையும் விடமாட்டான்!

மேளக்காரர் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் கொட்டிக்கொண்டே இருந்தார். வாசல் பக்கமிருந்து யாரும் வரவில்லை. ஒரு பெரியவர் குனிந்து காதில் என்னமோ சொன்னார். லிங்கத்துரை இரண்டாவது முடிச்சைப் போட்டான், இழுத்து, தளர்த்தி, திரும்ப இழுத்து, முடிந்தமட்டும் மெதுவாகப் போட்டான். போட்டு முடித்தும் யாரும் வரவில்லை.

"நிறுத்திருங்க," என்றாள் சுயம்புக்கனி. "நான் வரல மைனி. அவன் பாத்துக்கிட்டே இருக்கான், நான் வரல. நான் பாவி, எனக்கு மனசே இல்லாமப் போச்சு."

"பேசாம இருட்டி," என்று அன்னபழம் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "இன்னும் ஒண்ணு கெடக்குல்லா."

படத்தின் ஓரத்தில் கூட்டம் விலகியது. ஒருத்தி இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். சாயம் போன வீட்டுச்சேலை, இடுப்பில் செருகின கொசுவம், முழங்கை வரைக்கும் மாவு. ஓட்டமாக ஓடி வந்திருக்க வேண்டும், மார்பு ஏறி ஏறி இறங்கியது. மணவறையில் யாரும் ஆச்சரியப்படவில்லை, லிங்கத்துரையும் ஆச்சரியப்படவில்லை, நூல் நுனிகளை அவளிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அவள் கையைச் சேலையில் அவசரமாகத் துடைத்துக்கொண்டு, பெண்ணின் பின்கழுத்தில் குனிந்து, பல்லைக் கடித்து இழுத்து, மூன்றாவது முடிச்சைப் போட்டாள்.

கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அன்னபழத்தின் கை தானாகப் பின்கழுத்துக்குப் போயிற்று. அவளும் அழுதாள், சுயம்புக்கனியும் அழுதாள், இரண்டு பேரும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, படம் முடிந்து திரை கறுத்தது தெரியாமல் அழுதார்கள்.

வாசலில் யாரோ செருமினார்கள். லிங்கத்துரை நின்றுகொண்டிருந்தார். பீரோவில் கேசட்டைக் காணாமல் தேடிக்கொண்டு வந்தவர் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று யாரும் கவனிக்கவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்து, கையில் முறுக்கி, திரும்பத் தோளில் போட்டார்.

"ரெண்டாவதுக்கே வந்திருவேன்னு பாத்தேன்," என்றார்.

சுயம்புக்கனி எழுந்து நின்று கண்ணைத் துடைத்தாள். "பஸ்ஸு கிடைக்கலண்ணே."

அவர் அதை யோசித்துப் பார்த்துத் தலையாட்டினார். "அந்த ரூட்டுல அப்பல்லாம் பஸ்ஸு மோசம்தான்." கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டியா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"அப்ப வா, வீட்டுக்குப் போவோம்," என்றவர், கடைக்குள்ளே பார்த்து, "மாப்ளையையும் கூப்பிடு" என்றார்.

இன்னாசி கேசட்டை வெளியே எடுத்துவிட்டு ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரோ மாப்பிள்ளை வந்திருக்கிறார் போல என்று திரும்பி வாசலைப் பார்த்தார், உரக்கடைப் பக்கம் பார்த்தார், ஒருத்தரையும் காணவில்லை.

"யாரைக் கூப்பிடுதாவ?" என்று சுயம்புக்கனியிடம் மெல்லக் கேட்டார்.

"ஒங்களைத்தான்," என்றாள்.

இன்னாசி துணியைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.